செஞ்சோளக் கட்டையில் துளிர்

பூவனலிங்கத்துக்குப் புரோட்டா போடத் தெரியும். வீச்சு, கொத்து, பன், கோழிக் குழம்புக்கென்றே மெல்லிசாக ஒரு ரகம், எல்லாம் தெரியும். கொல்லத்தில் ஒரே ஓட்டலில், ஒரே கல்லுக்கு முன்னால், முப்பத்தெட்டு வருஷம் நின்ற மனுஷன். அவர் மாவைச் சுழற்றி வீசுவதைக் காலேஜ் பிள்ளைகள் போனில் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். மாட்டைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, அதற்கு முன்னால் கொம்பும் பின்னால் வாலும் நடுவில் நாலு காலும் இருக்கும் என்பது. அந்த நாலில் உதைக்கிற கால் எது என்பதையும் இந்த எட்டு மாதத்தில் தெரிந்துகொண்டிருந்தார்.

எட்டு மாதத்துக்கு முன்னால் அவருடைய வலது தோள்பட்டை வேலைநிறுத்தம் செய்துவிட்டது. இனிமேல் மாவு வீசினால் கையைத் தலைக்கு மேலே தூக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். தலைக்கு மேலே கையைத் தூக்காமல் புரோட்டா போடலாம். அதற்குச் சப்பாத்தி என்று பெயர். அந்த அவமானம் வேண்டாமென்று பூவனலிங்கம் இரண்டு பைகளோடு புதூர்ப் பக்கத்தில் இருக்கும் தன் ஊருக்கே வந்து சேர்ந்தார்.

வந்தவரை வேலுத்தாய் நன்றாகத்தான் கவனித்துக்கொண்டாள். அதுதான் சிக்கல். கல்யாணமாகி இருபத்துநாலு வருஷத்தில் பொங்கலுக்கு ஐந்து நாள், கோயில் கொடைக்கு ஐந்து நாள், தீபாவளிக்கு ஐந்து நாள், ஏதாவது நல்லது கெட்டதுக்கு ஐந்து நாள் என்று அவர் வந்துபோனதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் ஒரு வருஷமும் நாலு மாசமும் வரும். மீதி நாளெல்லாம் அவள் தனியாக இருந்து மகளை வளர்த்தாள், நாலு குறுக்கம் கரிசல் காட்டில் வெள்ளாமை பார்த்தாள், மாடு வாங்கினாள், வீட்டுக்குக் கான்கிரீட் போட்டாள். புருஷன் வந்தால் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போடுவாள். சம்பந்தக்காரர்களுக்கு எடுக்கிற எவர்சில்வர் டம்ளரில் காப்பி கொடுப்பாள். "நீங்க இருங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்பாள். எட்டு மாதமாக இதேதான். மண்வெட்டியைத் தொட்டால் "நீங்க இருங்க". தண்ணீர்க் குடத்தைத் தொட்டால் "கை வலிக்கும், நீங்க இருங்க". பூவனலிங்கம் இருந்தார். சொந்த வீட்டில் இவ்வளவு நீண்ட விருந்து சாப்பிட்ட மனுஷன் அந்த வட்டாரத்தில் வேறு யாரும் இருக்க முடியாது.

மாசி மாதத்தில் வேலுத்தாய்க்குக் கோவில்பட்டியில் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று முடிவானது. ஒரு வாரம் ஆஸ்பத்திரி, அப்புறம் மூன்று மாதம் பாரமான எதையும் தூக்கக்கூடாது. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் சத்யபிரியா லீவு போட்டு வந்திருந்தாள். முதல் காரியமாக அவள் சொன்னது மாட்டைப் பற்றி.

"யம்மா, செவத்திய வித்துருவோம். மூணு மாசம் யாரு பாக்க? அப்பாவுக்கு என்ன தெரியும்?"

வேலுத்தாய் தொழுவத்தைப் பார்த்தாள். செவத்தி அவளுடைய செவலைப் பசு. இரண்டாவது ஈத்து, மூன்று மாதக் கன்றுக்குட்டி, வேளைக்கு நாலு லிட்டர் பால். ஆனால் பூவனலிங்கம் பார்த்தது மாட்டை இல்லை, வேலுத்தாயின் முகத்தை. அந்த முகத்தில் அவருக்கு ஒரு காலி வேலை தெரிந்தது.

"நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

தாயும் மகளும் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தார்கள். பொங்கலுக்கு வந்த விருந்தாளி பாத்திரம் கழுவுகிறேன் என்று சொன்னால் எப்படிப் பார்ப்பார்களோ அப்படி.

"ஒரு வாரம் பாப்போம்" என்றாள் வேலுத்தாய் கடைசியில். "சரிப்பட்டு வரலன்னா சத்யா சொன்ன மாதிரி செஞ்சிருவோம்."

போகிற அன்று காலையில் அவரைக் காட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். காடு வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். வீட்டுக்குப் பின்னால் இருங்குச்சோளத் தட்டை படப்பாக அடுக்கியிருந்தது. கறுப்பு மணி விளையும் சோளம், மெல்லிசான தட்டை, மாடு ஒரு துணுக்கு மிச்சம் வைக்காது. கிணற்றடியில் வேளாண்மை டெப்போவில் வாங்கிய விதையைப் போட்ட பல வெட்டுச் சோளம். அறுக்க அறுக்க மறுபடி தழைக்கும், இப்போது இரண்டாம் தழைவு கதிர் வாங்கி ஆளுயரம் நின்றது. மேட்டுப் பக்கம் செஞ்சோளம். தையில் கதிரையும் தட்டையையும் எடுத்துவிட்டதால் அடிக்கட்டை மட்டும் வரிசை வரிசையாக நின்றது.

"காலம்பற படப்புலேருந்து ரெண்டு கட்டு பிடுங்கிப் போடுங்க. வெயில் தாந்ததும் கிணத்தடியில, கதிர் வந்த பக்கமாப் பாத்துக் கயித்தைக் கட்டி மேய விடுங்க. மேட்டுப் பக்கம் மட்டும் போவாண்டாம்."

"ஏன், அங்கன என்ன?"

"போவாண்டாம்னா விடுங்க. நீங்க எதுக்கு வெயில்ல அலைஞ்சிக்கிட்டு."

ஆட்டோ வந்துவிட்டது. அவள் போய்விட்டாள்.

முதல் நாள் பால் கறக்க உட்கார்ந்தவரைச் செவத்தி உதைத்தாள். பக்கத்துக் காட்டு இசக்கி சத்தம் கேட்டு வந்து எட்டிப் பார்த்தார். வேலுத்தாய்க்குப் பெரியப்பா மகன், பூவனலிங்கத்துக்கு மச்சான் முறை, வாயை மூடி வைக்கத் தெரியாதவர்.

"என்னவே மாப்ளே, விழுந்து கும்புடுதீரு? மாடு ஆசீர்வாதம் பண்ணிட்டா?"

"ஒரு காலால மட்டும்தான் மச்சான். இன்னும் மூணு பாக்கி இருக்கு."

"அது மோப்பம் பாக்கும்வே. வேலுத்தாயி கட்டுன சேலை ஒண்ண எடுத்து மேல போட்டுக்கிட்டுக் கறந்து பாரும். எங்க ஐயா அப்படித்தான் கறப்பாரு. ஊரு சிரிக்கும். பாலு வரும்."

பூவனலிங்கம் கொடியில் கிடந்த பச்சை நூல் சேலையை எடுத்து முக்காடாகப் போட்டு, தோளைச் சுற்றிச் செருகிக்கொண்டார். நரைத்த மீசைக்கு அந்தப் பச்சை எடுப்பாகத்தான் இருந்தது. செவத்தி திரும்பி மோந்தாள். சேலையின் வாசத்துக்கும் அதற்குள் இருந்த முகத்துக்கும் கணக்கு ஒத்துவராமல் கொஞ்ச நேரம் யோசித்தாள். அப்புறம் காலை எடுத்து ஊன்றி நின்றுகொண்டாள். பால் வந்தது.

அன்றிலிருந்து சேலை இல்லாமல் தொழுவத்துக்குள் போவதில்லை, காட்டுக்குப் பிடித்துப் போகவும் சேலைதான். இசக்கி வரப்பில் நின்று, "வேலுத்தாயி, மீச வளந்துட்டு போலுக்கே" என்று தினமும் விசாரித்தார்.

சேலை பால் தந்தது, ஆனால் பசியைத் தரவில்லை. செவத்தி தட்டையை மோந்து பார்த்துவிட்டு வேலுத்தாயின் ஆட்டோ போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டாம் நாள் பாதித் தட்டை அப்படியே கிடந்தது. மூன்றாம் நாள் கிணற்றடிச் சோளத்திலும் நாலு இலையைக் கடித்துவிட்டுத் தலையை நிமிர்த்திக்கொண்டாள். பால் நாலிலிருந்து இரண்டாயிற்று.

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு வீடியோ கால் வரும். ஆபரேஷன் முடிந்த அன்றைக்குக்கூட மறக்கவில்லை. அவர் தன் முகத்தைக் காட்டி, "இப்ப எப்படியிருக்கு?" என்று கேட்டால், திரைக்குள்ளிருந்து வேலுத்தாய், "இருக்கேன். தள்ளுங்க, செவத்தியக் காட்டுங்க" என்பாள்.

"சாப்பிடுதாளா?"

"அவளுக்கென்ன, வெளுத்துக்கட்டுதா" என்பார் பூவனலிங்கம். சொல்லும்போதே காமிராவைத் தின்னாத தட்டைப் பக்கம் திரும்பாமல் பிடித்துக்கொள்வார். முப்பத்தெட்டு வருஷத்தில் ஊசிப்போன குருமாவைக்கூட நல்லதென்று சொல்லி அவர் யாருக்கும் பரிமாறியதில்லை. இதுதான் முதல் தடவை.

நாலாம் நாள் மத்தியானம் வரை செவத்தி வாயில் ஒன்றும் வைக்கவில்லை. பூவனலிங்கம் அவளுக்கு முன்னால் நின்று யோசித்தார். மாட்டுக்காரராக யோசித்திருந்தால் யாரையாவது கேட்டிருப்பார். அவர் யோசித்தது ஓட்டல்காரராக. ஒரு ஆள் வந்து உட்கார்ந்து, வைத்ததைத் தொடாமல் இருக்கிறார் என்றால் என்ன செய்ய வேண்டும்? ஆறினதை எடுத்துவிட்டுக் கல்லிலிருந்து அப்போதுதான் இறங்கியதை, பிஞ்சாக, பூவாக, முன்னால் வைக்க வேண்டும். கத்திரிக்காய் பிஞ்சாக இருந்தால் ருசி. வெண்டைக்காய் பிஞ்சாக இருந்தால் ருசி. நுங்கு, முருங்கை, வெள்ளரி, உலகத்தில் எது முற்றினால் நன்றாக இருக்கிறது?

மேட்டுப் பக்கம் பார்த்தார். போன வாரம் கோடை மழை போல ஒன்று அரை மணி நேரம் கொட்டிவிட்டுப் போயிருந்தது. அப்புறம் காய்கிற வெயில்தான். ஆனால் அந்த ஒரு மழைக்கே செஞ்சோளக் கட்டைகள் ஒவ்வொன்றும் அடியிலிருந்து துளிர்விட்டு, சாண் உயரத்துக்கு இளம்பச்சையாக நின்றன. காடே கொத்துமல்லி தூவி வைத்தாற்போல இருந்தது. அதைத்தான் அவள் போக வேண்டாமென்று சொன்னாள். மழை விழுந்து துளிர் வரும், தான் வந்து அறுத்துப் போடலாம் என்று சேர்த்து வைத்திருப்பாள் என்று நினைத்தார். சிக்கனக்காரி. இப்போது மாடு பட்டினி கிடக்கும்போது சிக்கனம் எதற்கு?

சேலையைச் சரிசெய்துகொண்டு செவத்தியை மேட்டுக்குப் பிடித்துப் போனார். கயிற்றை முழுசாக விட்டார்.

செவத்தி மோந்தாள். நாக்கைச் சுழற்றி ஒரு பிடி இழுத்தாள். அடுத்த பிடி. அப்புறம் நிறுத்தவே இல்லை. வரிசை பிடித்துக் கட்டை கட்டையாக, சரக் சரக்கென்று, மூன்று நாள் பட்டினியையும் ஒரேயடியாகத் தீர்க்கிற வேகத்தில் மேய்ந்தாள். நடுவில் ஒருமுறை தலையைத் தூக்கி, பக்கத்தில் நின்ற அவர் கையை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சொரசொரவென்று நக்கிவிட்டு மறுபடி குனிந்தாள்.

பூவனலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. ஓட்டலில் ஆயிரம் பேர் அவர் கையைப் பாராட்டியிருக்கிறார்கள். நக்கியது இவள்தான்.

கால் மணி நேரம் இருக்கும். செவத்தி மேய்வதை நிறுத்தினாள். கழுத்தை நீட்டி, மூக்கு விடைக்க, வேகவேகமாக மூச்சு விட்டாள். கடைவாயில் நுரை தள்ளியது. பின்னங்கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. அவர் "ஏட்டி, என்னட்டி?" என்று கேட்டுக்கொண்டே கழுத்தைப் பிடிப்பதற்குள் முன்னங்கால் மடங்கி, அப்படியே கரிசல் மண்ணில் சாய்ந்தாள்.

"மச்சான்! ஏ மச்சான்!"

மிளகாய் பறித்துக்கொண்டிருந்த இசக்கி வரப்பு தாண்டி ஓடி வந்தார். மாட்டைப் பார்த்தார். மேய்ந்த கட்டைகளைப் பார்த்தார்.

"சோளத் துளிரையா மேய விட்டீரு?"

"ஏன்?"

"ஏனா? நஞ்சுவே அது! அறுத்த கட்டையில மழைக்குத் துளிர்த்துக் காஞ்சு நிக்குத குருத்து... இங்க கைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும்வே!"

பதினாலு வயதில் ரயிலேறியவருக்கு அதை யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை யாரும் யாருக்கும் சொல்வதில்லை.

இசக்கி போனை எடுத்துப் புதூர் மாட்டு டாக்டரம்மா சுதாராணியைக் கூப்பிட்டு, ஒலிபெருக்கியில் போட்டார். பக்கத்து ஊரில் ஒரு ஆட்டுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். அரை மணி நேரத்தில் வந்துவிடுவதாகச் சொன்னாள்.

"வெல்லத்தைக் கரைச்சு ஊத்தட்டாம்மா?" என்றார் இசக்கி.

"வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க, புரையேறிடும். பக்கவாட்டுல சாய விடாதீங்க. நெஞ்சு தரையில இருக்கிற மாதிரி நிமிர்த்தி, முட்டுக் கொடுத்துப் பிடிச்சுக்கோங்க. நான் வர்ற வரைக்கும் விடக்கூடாது."

இருவரும் சேர்ந்து செவத்தியை நிமிர்த்தினார்கள். டாக்டருக்கு வழி காட்ட இசக்கி ரோட்டுக்கு ஓடினார். பூவனலிங்கம் செவத்தியின் விலாவுக்குத் தோளைக் கொடுத்து, மண்ணில் காலை ஊன்றிக்கொண்டார். வலது தோள்தான் அந்தப் பக்கம் அமைந்தது. இடம் மாற நேரமில்லை. கல் மாதிரி பாரம் இறங்கியது. தோளுக்குள் யாரோ சட்டுவத்தைச் சூடாக்கி வைத்தாற்போல் எரிந்தது.

"போயிராதட்டி" என்றார்.

மூச்சு புஸ்புஸ்ஸென்று வந்தது. பேச்சை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும் என்று அவருக்கு ஏனோ தோன்றிவிட்டது.

"ஏ செவத்தி, கேளு. சத்யா பொறந்த அன்னைக்கு நான் கல்லு முன்னால நின்னேன். ஞாயித்துக்கெழம, கூட்டம். பொறந்துட்டான்னு போன் வந்தது, எனக்குச் சொல்லும்போது ராத்திரி கடையச் சாத்தியாச்சு. அவ நடந்தது தெரியாது, பல்லு மொளச்சது தெரியாது. வேலு வீட்டுக்கு மேக்கூரை போடும்போது ஒரு நாள் வந்து நின்னேன், 'நீங்க வெயில்ல நிக்காதீங்க'ன்னு உள்ள உக்கார வச்சிட்டா. அவ மேல தப்பில்லட்டி. நாலு நாளைல போற ஆளுக்கு யாரு வேல சொல்லுவா? இந்த வீட்டுல எனக்குன்னு ஒரு வேல வந்தது உன்னாலதான். அதுலயும் இப்படிப் பண்ணிட்டேன். நீ போயிட்டா நான் திருப்பியும் அந்த நாக்காலியில போயி உக்காரணும்ட்டி. கேக்குதா? எனக்கு அந்த நாக்காலி வேண்டாம்ட்டி."

செவத்தியின் காது ஒருமுறை அசைந்தது. ஈ உட்கார்ந்ததாகவும் இருக்கலாம்.

ஸ்கூட்டரில் வந்து இறங்கிய சுதாராணி கண்டது இதுதான்: பச்சைச் சேலை போட்ட மீசைக்காரர் ஒருவர் மாட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பிப் பேசிக்கொண்டிருக்கிறார். கால்நடை மருத்துவம் படிக்கும்போது இதற்கெல்லாம் பாடம் வைக்கவில்லை. அவள் பையைத் திறந்தாள். செவத்தியின் ஈறைத் தூக்கிப் பார்த்தாள். ஈறுக்குள் ஓடும் ரத்தம் செக்கச் செவேலென்று குங்குமம் கரைத்தாற்போல இருந்தது.

"சோள நஞ்சேதான். கழுத்தை அசையாமப் பிடிங்க."

கழுத்து நரம்பில் ஒரு ஊசி, அடுத்து இன்னொன்று. மெதுவாக, மிக மெதுவாக ஏற்றினாள். பூவனலிங்கம் செவத்தியின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் கால் நடுக்கம் குறைந்தது. பிறகு மூச்சு ஒரு தாளத்துக்கு வந்தது. முக்கால் மணி நேரத்தில் செவத்தி பின்னங்காலை ஊன்றி, தடுமாறி, ஒரு உதறு உதறி எழுந்து நின்றாள். நின்றவுடன் செய்த முதல் காரியம், டாக்டரம்மாவின் செருப்புக்குப் பக்கத்தில் சாணி போட்டது. பூவனலிங்கம் அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"வயித்துல காஞ்ச தீவனம் இருந்திருந்தா இவ்வளவு வேகமாப் பிடிச்சிருக்காது" என்றாள் சுதாராணி, கையைக் கழுவிக்கொண்டே. "வெறும் வயித்துல துளிரை மேஞ்சிருக்கு. தப்பிச்சது பெரிய விஷயம். ரெண்டு நாளைக்குக் காஞ்ச தட்டையும் தண்ணியும் மட்டும் கொடுங்க. ஆமா, இந்தச் சேலை எதுக்கு?"

"பாலுக்கு" என்றார் இசக்கி.

அவள் வண்டியை எடுத்தாள். ஸ்கூட்டர் வளைவு தாண்டும் வரை முதுகு குலுங்கியது. சிரிப்பா, வண்டிப்பாதையா என்று சொல்ல முடியாது.

செவத்தியைத் தொழுவத்துக்குக் கொண்டுவந்து கட்டியபோது மணி ஐந்தே முக்கால். இசக்கி தோளில் தட்டினார்.

"மாப்ளே, வேலுத்தாயிகிட்ட மூச்சு விடாதீரும். தையலோட படுத்திருக்கா. மாடு எந்திரிச்சாச்சு, நான் சொல்லமாட்டேன், டாக்டரம்மா சொல்லாது. நல்லாருக்குன்னு காட்டிரும், முடிஞ்சுபோச்சு. சொன்னீருன்னு வையும், சத்யா நாளைக்கே யாவாரியக் கூட்டியாந்துருவா."

அவர் போய்விட்டார். பூவனலிங்கம் சேலையைக் கழற்றி மடித்தார். சொல்லாமல் இருந்துவிடலாம். மாடு நிற்கும், அவருக்கு வேலை நிற்கும். வேலுத்தாய்க்கு மட்டும் ஒன்றும் தெரியாது. இந்த வீட்டில் இத்தனை வருஷம் ஒன்றும் தெரியாமல் இருந்தவர் அவர். அது எப்படியிருக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

போன் அடித்தது.

"இருக்கேன். தள்ளுங்க, செவத்தியக் காட்டுங்க."

அவர் தள்ளவில்லை.

"வேலு, செவத்தி மூணு நாளா சாப்பிடல. நான் உங்கிட்டப் பொய் சொன்னேன். இன்னைக்கு அவள மேட்டுப் பக்கம் துளிர்ல மேய விட்டுட்டேன். விழுந்துட்டா. டாக்டரம்மா வந்து ஊசி போட்டு எந்திரிச்சிட்டா. இப்ப நிக்கா. நீ வித்துரணும்னா வித்துரு."

திரையில் வேலுத்தாயின் முகம் அசையவில்லை. சிக்னல் நின்றுவிட்டதோ என்று அவர் போனை ஆட்டிப் பார்த்தார்.

"ஆட்டாதீங்க. அவகிட்டக் கொண்டு போங்க."

கொண்டு போனார்.

"மூக்கைத் தொடுங்க. ஈரமா இருக்கா?"

"இருக்கு."

"அசை போடுதாளா?"

செவத்தி தாடையை இடதுபக்கம் ஒருமுறை, வலதுபக்கம் ஒருமுறை அரைத்தாள். வேலுத்தாய் அதைப் பார்த்தாள். கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள். அப்புறம் ஆரம்பித்தாள்.

"கூறுகெட்ட மனுசா! போவாண்டாம்னு சொன்னேன்லா? காதுல என்ன, மைதா மாவா அடச்சிருக்கு? மூணு நாளா மாடு பட்டினி, நீங்க எங்கிட்ட 'வெளுத்துக்கட்டுதா'ன்னு கதை விட்டுக்கிட்டு இருந்திருக்கீங்க! என் செவத்திக்கு ஏதாவது ஆயிருந்துன்னா, தையலாவது மண்ணாவது, எந்திரிச்சு வந்து உங்கள அந்தக் கட்டையிலயே கட்டியிருப்பேன்..."

"யம்மா, கத்தாத! தையல் பிரிஞ்சிரும்" என்று சத்யபிரியாவின் குரல்.

"பிரியட்டும்! நீ சும்மா இரு!"

ஆஸ்பத்திரி வார்டில் பக்கத்துக் கட்டில்காரர்கள் எட்டிப் பார்ப்பது திரையின் ஓரத்தில் தெரிந்தது. வேலுத்தாய் நிறுத்தவில்லை. அவருடைய புத்தி, அவருடைய ஓட்டல், அவரை வளர்த்தவர்கள், எல்லாருக்கும் பங்கு கிடைத்தது. பூவனலிங்கம் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரை ஒரு வார்த்தை வைததில்லை. மரியாதை என்று அவர் நினைத்திருந்தார். இப்போது ஒவ்வொரு வசவும் வந்து விழ விழ, தோளிலிருந்து ஒவ்வொரு மூட்டையாக யாரோ இறக்கி வைப்பது போல இருந்தது. அவரையும் மீறி வாய் கோணிக்கொண்டு வந்தது.

"சிரிக்கீங்களா?"

"இல்ல வேலு."

"பல்லு தெரியுது."

"அழுதாலும் எனக்கு அப்படித்தான் தெரியும்."

வேலுத்தாய்க்கு மூச்சு வாங்கியது.

"ஏன் போவாண்டாம்ங்கதையும் நான் சொல்லியிருக்கணும்" என்றாள், தணிந்த குரலில். "நாலு நாளைல போற மனுசனுக்கு எதுக்கு இதெல்லாம்னு சொல்லாமலே பழகிட்டேன். இப்ப எத்தன நாளு இருக்கதா உத்தேசம்?"

"நாலு பேரு தூக்கிட்டுப் போற வரைக்கும்."

"சிரிக்க வைக்காதீங்க. தையல் இழுக்குது."

"அப்ப யாவாரிகிட்டப் பேசட்டாம்மா?" என்றாள் சத்யபிரியா.

"எதுக்கு? மாட்டுல பண்ண வேண்டிய பெரிய தப்பை ஒரே நாள்ல பண்ணி முடிச்சாச்சு. இனி உங்கப்பா பண்ணுததுக்கு என்ன பாக்கி இருக்கு?" வேலுத்தாய் திரையை நெருங்கி வந்தாள். "இந்தா பாருங்க. அந்த நாக்காலிய எடுத்துச் செவத்திக்கு முன்னால போடுங்க. போனை வாளி மேல சாத்தி வைங்க. படப்புலேருந்து ஒரு கட்டு பிடுங்குங்க. மேலேருந்து உருவாதீங்க, சரிஞ்சிரும், பக்கவாட்டுல பிடுங்கணும். ஆங். முழுத் தட்டையாப் போட்டா அவ தொடமாட்டா. மொத நாலு வாயி ஒடிச்சு, கையில வச்சுக் கொடுக்கணும். நான் அப்படிக் கெடுத்து வச்சிருக்கேன்."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா?"

"மாட்டுக்கு ஊட்டுதேன்னு உங்ககிட்ட எப்படிச் சொல்லுவேன், சிரிப்பீங்கள்லா?"

சேலையை முக்காடு போட்டு மாடு மேய்த்த பூவனலிங்கம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். தட்டையை ஒடித்து நீட்டினார். செவத்தி முகத்தைத் திருப்பினாள்.

"'இந்தாட்டி'ன்னு சொல்லிக் கொடுங்க."

"இந்தாட்டி."

செவத்தி வாங்கிக்கொண்டாள். காய்ந்த தட்டை அவள் பல்லில் முறுமுறுவென்று நொறுங்கியது.

"ரெண்டாவது வாயி. இருங்கு எப்பவும் காய வச்சுத்தான், இதுல பயமே இல்ல. இனி கிணத்தடிச் சோளத்தக் கேளுங்க. அது அறுத்த அம்பதாம் நாளு கதிர் எட்டிப் பாக்கும். பாக்கதுக்கு முன்ன மாட்ட விடப்படாது. கதிர் எப்படி வெளிய வரும்னா, தோகைக்குள்ள கைய விட்டுப் பாத்தீங்கன்னா..."

"யம்மா, போன்ல நாலு பர்சென்ட்தான் இருக்கு" என்றாள் சத்யபிரியா. "மத்தத நாளைக்குச் சொல்லேன்."

"சார்ஜரைச் சொருகு" என்றாள் வேலுத்தாய். "நான் இன்னும் ரெண்டாவது சோளமே சொல்லி முடிக்கல."